ரெக்சின் பசை விற்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வணிகர் பாடம்: பழைய காரின் பிளாஸ்டிக் பலகையில் ரெக்சின் ஒட்டுவது பற்றி

குமணன்சாவடி, கரையான்சாவடி, காட்டுப்பாக்கம், பூந்தமல்லி வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் அன்பர்கள் பலர், அரிசி பருப்போடு ஒரு பக்கத்து அலமாரியில் ஆணி, உப்புத்தாள், பெயின்ட் பிரஷ், தின்னர், பசை டின் ஆகியவற்றையும் வைத்திருக்கிறார்கள். பெரிய ஹார்டுவேர் கடைக்குப் போக நேரமில்லாதவர்கள் நம்மிடம்தான் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "அண்ணாச்சி, நல்ல பசையா ஒண்ணு கொடுங்க." நாமும் கைக்கு எட்டிய டின்னை எடுத்துக் கொடுத்து விடுகிறோம்.

நாற்காலிக் கால் ஒட்டுவதற்கு என்றால் இது போதும். காரின் உள்பலகைக்கு என்றால் போதாது. பசையில் எல்லா வேலைக்கும் நல்லது என்று ஒரு டின் கிடையாது. அந்த வேலைக்குப் பொருத்தமான பசை என்று ஒன்றுதான் உண்டு. இந்த ஒரு விஷயத்தை நாம் அறிந்து கொண்டால், வாடிக்கையாளரின் பொருளும் கெடாது, நம் பெயரும் கெடாது. பழைய காரின் பிளாஸ்டிக் பலகையில் ரெக்சின் ஒட்டும் வேலையை உதாரணமாக வைத்து இதை விளக்குகிறேன். ஸ்கூட்டர் சீட்டு, ஆட்டோ மேற்கூரை, கடை நாற்காலி ஆகியவற்றுக்கும் இதே பாடம் பொருந்தும்.

பழைய கார்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

பழைய கார் வைத்திருப்பவர் கார் இல்லாத குறையினால் அதை வைத்திருப்பதில்லை. தகப்பனார் ஓட்டிய வண்டி, முதன்முதலில் வாங்கிய வண்டி என்று பாசத்தோடு வைத்திருப்பவர்களே அதிகம். நம் சென்னையே கார் செய்த ஊர்தான். இங்கிருந்து வெளிவட்டச் சாலையில் போனால் வரும் வண்டலூரில்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1960-களில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும், 1980-களில் ரோவர் எஸ்டி1 வடிவத்தில் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரும் அங்கிருந்து வந்தன. இன்று அந்த நிறுவனம் கார் செய்வதில்லை. கான்டெஸா உற்பத்தி 2002-ல் நின்றது. மாருதி 800-ம் அம்பாசிடரும் 2014-ல் நின்றன.

வடபழனியில் ஏவிஎம் நிறுவனத்தார் 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் பழைய கார்களைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகத் தனி எண் வரிசையில் பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் விதி கொண்டு வந்தது. அந்த வண்டி பழைய உருவத்திலேயே காக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அந்த விதியின் முக்கிய அம்சம்.

வியாபாரிகள் இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். உற்பத்தி நின்று போன காரின் டேஷ்போர்டோ, கதவின் உள்பலகையோ (குஷன் வேலை செய்பவர்கள் இதை டோர் பேட் என்பார்கள்) கெட்டுவிட்டால், புதிதாக வாங்க முடியாது. புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து கிடைத்தால் உண்டு. ஆகவே, நாம் விற்கும் சில நூறு ரூபாய் பசை, விலைக்குக் கிடைக்காத ஒரு பொருளின் மேல் பூசப்படுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு கான்டெஸாக்காரருக்கு நடந்ததைச் சொல்கிறேன். தை மாதத்தில் நான்கு கதவுக்கும் புது ரெக்சின் ஒட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது. சித்திரை வெயிலில் மூன்று நாள் வண்டி வெளியே நின்றது. கைப்பிடிக்கு மேலே குழிவாக இருந்த இடமெல்லாம் ரெக்சின் பலகையை விட்டு எழும்பி, கூடாரம் போல் நின்றது. பிய்த்துப் பார்த்தால் பசை காயாத வெல்லப்பாகு போல நூல் நூலாக வந்தது. குஷன்காரர் பசையைக் குறை சொன்னார். பசை விற்றவர் குஷன்காரரைக் குறை சொன்னார். உண்மையில் பசையும் போலி அல்ல, வேலைக்காரரும் கைதேராதவர் அல்ல. அந்த ரெக்சினுக்கும் அந்த வெயிலுக்கும் அந்தப் பசை பொருத்தமில்லை, அவ்வளவுதான். விற்கும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எதன் மேல் ஒட்டப் போகிறீர்கள்? எதை ஒட்டப் போகிறீர்கள்? எந்த இடத்தில் இருக்கப் போகிறது?

முதல் கேள்வி: எதன் மேல்?

பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளின் டோர் பேட் பெரும்பாலும் ஹார்டுபோர்டு. மர நாரை அழுத்திச் செய்த பலகை அது. பசையை உறிஞ்சும். அதில் ஒட்டுவது எளிது. பிற்கால வண்டிகளில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பாகங்கள் அதிகம் வந்தன. பிளாஸ்டிக் எதையும் உறிஞ்சாது. அதனால் "கார் கதவுக்கு" என்று மட்டும் சொன்னால் போதாது. "போர்டா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்க வேண்டும்.

பிளாஸ்டிக் என்றால் அதிலும் ரகம் உண்டு. அரிசியில் பச்சரிசி, புழுங்கல் என்று நாம் பிரிப்பது போலத்தான். காரின் உள்பாகத்தில் அதிகம் வருவன இரண்டு. ஒன்று ஏபிஎஸ். மற்றொன்று பாலிபுரொப்பிலீன், சுருக்கமாக பிபி.

ஏபிஎஸ் பசையை ஏற்றுக் கொள்ளும். பிபி ஏற்றுக் கொள்ளாது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடுமல்லவா? பிபி மேல் பசையும் ஏறக்குறைய அப்படித்தான். பூசும்போது பூசப்பட்டது போல் தெரியும். காய்ந்த பிறகு நகத்தால் கிள்ளினால் தோல் போல உரிந்து வந்துவிடும். எத்தனை விலையுயர்ந்த ரப்பர் பசையானாலும் வெறும் பிபி மேல் நிலைக்காது.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு.

1. பலகையின் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் சிறிய எழுத்தில் ஏபிஎஸ் அல்லது பிபி என்று ஆங்கிலத்தில் வார்த்திருப்பார்கள். மிகப் பழைய வண்டிகளில் இது இருக்காது.

2. தண்ணீர்ச் சோதனை. வெளியே தெரியாத ஓரத்திலிருந்து நகக்கண் அளவு சீவி எடுத்து, ஒரு சொட்டு சோப்பு நீர் கலந்த டம்ளர் தண்ணீரில் முக்கி விட வேண்டும். தண்ணீரின் எடையை 1 என்று வைத்தால் பிபி-யின் எடை சுமார் 0.9. எனவே மேலே மிதக்கும். ஏபிஎஸ்-ன் எடை சுமார் 1.05. மூழ்கி விடும். மிதந்தால் சாதாரணப் பசை உதவாது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் மூழ்கினால் ஏபிஎஸ்தான் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. டால்க் மாவு அதிகம் கலந்து வார்த்த பிபி-யும் மூழ்கும்.

3. அசிட்டோன் சோதனை. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் நம் ஃபேன்சி அலமாரியிலேயே இருக்கும். அசிட்டோன் உள்ளதா என்று லேபிளைப் பார்த்துக் கொள்ளுங்கள், இல்லாத ரகமும் வருகிறது. பஞ்சில் நனைத்துப் பலகையின் பின்பக்கம், தெரியாத இடத்தில் ஒற்றினால் ஏபிஎஸ் இளகிப் பிசுபிசுக்கும். பிபி அசையாது. முன்பக்கத்தில் ஒருபோதும் இந்தச் சோதனை கூடாது.

பிபி என்று தெரிந்தால் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. அதற்கென்று பிளாஸ்டிக் பிரைமர் உண்டு. இன்றைய கார்களின் பம்பர் பெரும்பாலும் பிபி வகை என்பதால், கார் பெயின்ட் விற்கும் கடைகளில் அந்தப் பிரைமர் கிடைக்கும். முதலில் அதை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு, அதன் மேல்தான் பசை. இதை நாம் எடுத்துச் சொன்னாலே வாடிக்கையாளர் நம்மை மறக்க மாட்டார். தொழிற்சாலைகளில் எரிவாயுச் சுடரை மேலோட்டமாகக் காட்டி பிபி-யைப் பசை ஏற்கும்படி செய்வார்கள். அது இயந்திரமும் பயிற்சியும் உள்ள இடத்துக்கான வேலை. தெருவோரப் பட்டறையில் செய்தால் பலகை கோணிப் போகும்.

இரண்டாவது கேள்வி: எதை?

ரெக்சின் என்பது ஆரம்பத்தில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஹைடு என்ற ஊரில் செய்த செயற்கைத் தோலின் வியாபாரப் பெயர். அந்தச் சரக்கு துணியின் மேல் நைட்ரோ செல்லுலோஸ் பூசியது. இன்று நாம் ரெக்சின் என்று விற்பது துணியின் மேல் பிவிசி பூசியது. பெயர் மட்டும் ஒட்டிக் கொண்டது.

பிவிசி என்றால் தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பிவிசிதான். குழாய் விறைப்பாக இருக்கிறது, ரெக்சின் மட்டும் எப்படி மெத்தென்று மடங்குகிறது? இளக்கி என்று ஒரு எண்ணெய் போன்ற பொருளை அதில் நிறையச் சேர்க்கிறார்கள். இந்த எண்ணெய் பிவிசியோடு நிரந்தரமாகக் கட்டுப்பட்டு இருப்பதில்லை. வடையைச் செய்தித்தாளில் வைத்தால் எண்ணெய் காகிதத்தில் ஏறுவது போல, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே வரும். வெயில் பட்டால் வேகமாக வரும். வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடியில் உள்பக்கமாக மங்கலான ஒரு படலம் படிகிறதே, அதில் பெரும்பங்கு இதனால் வருவதுதான்.

இதே எண்ணெய் பின்பக்கமாகவும் வந்து பசைக்குள் ஏறும். மஞ்சள் நிறத்தில் வரும் சாதாரண ரப்பர் பசை, அதாவது நியோபிரீன் பசை, இந்த எண்ணெயைத் தாங்காது. நாளடைவில் இளகி, பாகாகி விடும். கான்டெஸாக்காரர் கதை இதுதான். தோல், ரப்பர், மரம், மைக்கா ஆகியவற்றுக்கு நியோபிரீன் பசை அருமையானது. எண்ணெய் கக்கும் பிவிசிக்கு அது சுமாரானது.

பிவிசிக்குப் பொருத்தமானது பாலியூரித்தேன் பசை. பியூ பசை என்று கேட்டால் கிடைக்கும். பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் சாலையில் போனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று காலணித் தொழில் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. காலணித் தொழிலில் பிவிசி அடிப்பாகம் ஒட்டுவதற்குப் பியூ பசைதான் வழக்கம். காரணம் இதே எண்ணெய்தான். பியூ பசையில் சில ரகங்களுக்குக் கெட்டியாக்கி என்று தனியாக ஒரு சிறிய பாட்டில் வரும். அதைக் கலந்தால் வெயிலைத் தாங்கும் சக்தி கூடும். கலந்த பசையை மறுநாள் வைத்திருந்து உபயோகிக்க முடியாது. இதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ரெக்சினின் முதுகையும் பார்க்க வேண்டும். முதுகில் நெய்த துணி இருந்தால் அதிகம் இழுபடாது. தட்டையான பலகைக்குச் சரி. பின்னல் துணி, அதாவது பனியன் துணி போன்றது இருந்தால் இழுபடும். வளைவுள்ள டேஷ்போர்டுக்கு இதுதான் வேண்டும். நெய்த துணி ரெக்சினை வளைவில் வலிந்து இழுத்து ஒட்டினால், அது திரும்ப நேராக நிற்கவே பார்க்கும். எந்தப் பசையும் பல ஆண்டுகள் அந்த இழுப்புக்கு ஈடு கொடுக்காது.

மூன்றாவது கேள்வி: எந்த இடத்தில்?

கதவின் கீழ்ப்பாகம் வேறு, டேஷ்போர்டின் மேல்பாகம் வேறு. நம் ஊர்ச் சித்திரை வைகாசி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். கதவின் கீழ்ப்பாகம் அவ்வளவு சூடாவதில்லை. பசை டின்னில், அல்லது கம்பெனி தரும் விவரத்தாளில், எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று இருக்கும். டேஷ்போர்டுக்கு என்றால் அதைப் படித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கண்ணாடி வழியாக இறங்கும் நீர் கதவின் உள்ளே போய்க் கீழே வடியும். டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். அது கிழிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இல்லையேல் எந்தப் பசையும் ஈரத்தில் கெடும்.

எதற்கு எந்தப் பசை? சுருக்கமாக

வெள்ளைப் பசை (மர வேலைக்கானது): இதில் இருப்பது தண்ணீர். தண்ணீர் வெளியேறினால்தான் ஒட்டும். ஹார்டுபோர்டும் துணி முதுகு ரெக்சினும் என்றால் ஓரளவு உதவும். பிளாஸ்டிக்கில் தண்ணீர் போக வழியில்லை, உதவாது. "ஃபெவிகால்" என்று பொதுவாகக் கேட்பவர்களிடம், வெள்ளையா, எஸ்ஆர் போன்ற ரப்பர் ரகமா என்று கேட்டுக் கொடுங்கள். ஒரே கம்பெனிப் பெயரில் இரண்டு வேறு சரக்கு வருகிறது.

மஞ்சள் ரப்பர் பசை: ஹார்டுபோர்டுக்கு நல்லது. ஏபிஎஸ் மேல் ஒட்டும். ரெக்சினின் எண்ணெய்க்கும் கடும் வெயிலுக்கும் நீண்ட நாள் தாங்குவது சந்தேகம்.

பியூ பசை: ஏபிஎஸ் மேல் பிவிசி ரெக்சின் ஒட்ட இதுவே முதல் தேர்வு. பிபி என்றால் பிரைமருக்குப் பின் இதை உபயோகிக்கலாம்.

சொட்டு விட்டதும் பிடிக்கும் ஃபெவிக்விக் போன்ற ரகம்: சிறிய விரிசலுக்கு மட்டும். அகலமான ரெக்சினுக்கு ஆகாது. காய்ந்தால் விறைத்து, மடங்கும் இடத்தில் விட்டுவிடும்.

ஸ்ப்ரே பசை: மெல்லிய துணி, ஃபோம் ஆகியவற்றுக்கு வசதி. சாதாரண ரகங்கள் டேஷ்போர்டு சூட்டுக்குத் தாங்காது.

வேலைக்காரருக்குச் சொல்ல வேண்டிய முறை

நாம் ஒட்டப் போவதில்லை. ஆனாலும் முறை தெரிந்த வியாபாரியிடம் வாங்கவே வேலைக்காரர் விரும்புவார்.

1. பழைய ரெக்சினையும் பழைய பசையையும் முழுதும் எடுக்க வேண்டும். பழைய பசையின் மேல் புதிய பசை, பாசி படிந்த சுவரில் சுண்ணாம்பு அடித்தது போல்தான்.

2. பலகையைச் சோப்பு நீரில் கழுவிக் காயவிட வேண்டும். பலர் பளபளப்புக்காக டேஷ்போர்டில் சிலிக்கான் பாலிஷ் போட்டிருப்பார்கள். சிலர் தேங்காய் எண்ணெயே தடவியிருப்பார்கள். அது போகாமல் பசை பிடிக்காது. கழுவியபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடைக்கலாம். ஏபிஎஸ் பலகையை அசிட்டோனாலோ தின்னராலோ துடைக்கக் கூடாது. அது பலகையைக் கரைக்கும், பிறகு விரிசல் விடும்.

3. 150 அல்லது 180 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்புப் போகும் வரை லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைக்க வேண்டும்.

4. ஒரு சிறு துண்டு ரெக்சினைப் பலகையின் பின்பக்கம் ஒட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் விட்டு, பிறகு ஒரு பகல் வெயிலில் வைத்து, சூடாக இருக்கும்போதே இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு நாள் பொறுமை, பலகையைக் காப்பாற்றும்.

5. பசையை இரண்டு பக்கமும் பூச வேண்டும். பலகையிலும் பூச வேண்டும், ரெக்சினின் முதுகிலும் பூச வேண்டும். மெல்லிசாக, சமமாக. குவியலாகப் பூசினால் அதிலுள்ள கரைப்பான் மெல்லிய ஏபிஎஸ் பலகையையே இளக்கிவிடும். துணி முதுகு முதல் பூச்சை உறிஞ்சிக் கொள்ளும் என்பதால் அதற்கு மட்டும் இரண்டாவது பூச்சு தேவைப்படும்.

6. உடனே ஒட்டக் கூடாது. டின்னில் குறிப்பிட்ட நேரம், பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம் வரை, காயவிட வேண்டும். விரல் முதுகால் தொட்டால் பிசுபிசுக்கலாம், ஆனால் பசை விரலோடு வரக் கூடாது. அதுதான் பதம். பாகு பதம் பார்க்கத் தெரிந்தவருக்கு இது புரியும். ஈரமாக ஒட்டினால் கரைப்பான் உள்ளே அடைபட்டு, வெயிலில் கொப்புளமாகக் கிளம்பும்.

7. இரண்டும் தொட்டால் பிடித்துக் கொள்ளும், பிறகு நகர்த்த முடியாது. எனவே நடுவில் பட்டர் பேப்பரை வைத்து, இடம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பேப்பரை உருவிக் கொண்டே ஒட்ட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக் கொண்டு போக வேண்டும்.

8. குழிவான இடத்தில் முதலில் குழிக்குள் அழுத்தி ஒட்டிவிட்டு, பிறகுதான் மேட்டுக்கு வர வேண்டும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் ரெக்சின் இளகி வளைவுக்கு இணங்கும். ஹீட் கன் என்றால் தூரத்தில் பிடித்து அசைத்துக் கொண்டே இருக்க வேண்டும்.

9. ஓரத்தில் ஒரு அங்குலம் பின்பக்கம் மடித்து ஒட்ட வேண்டும். மேலே அழகு தெரிகிறது, பிடிப்பு பின்னால் இருக்கிறது.

10. ரப்பர் உருளையால் நன்றாக அழுத்த வேண்டும். இந்த வகைப் பசைகளுக்கு எவ்வளவு நேரம் அழுத்தினோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்பதே முக்கியம். அதன்பின் இரண்டு நாளாவது வெயிலில் வைக்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேல்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளி படியும். அதன் மேல் ஒட்டினால் பிடிக்காது. "போன முறை இதே பசை நன்றாக ஒட்டியதே" என்று மழைக்காலத்தில் வரும் புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அளவும் கணக்கும்

ரெக்சின் ரோல் வழக்கமாக 54 அங்குல அகலம். ஒரு டோர் பேட் 34 அங்குல நீளம், 22 அங்குல உயரம் என்று வைப்போம். நான்கு பக்கமும் ஒரு அங்குலம் மடிக்க விட்டால் வெட்டும் அளவு 36-க்கு 24. அகலத்தில் இரண்டு துண்டு (48 அங்குலம்) வரும். நான்கு கதவுக்கு இரண்டு வரிசை, அதாவது 72 அங்குலம், ஏறக்குறைய 1.83 மீட்டர். எனவே இரண்டு மீட்டர் கொடுத்தால் சரியாக இருக்கும். சோதனைத் துண்டும் அதிலேயே வந்துவிடும்.

பசைக்குக் கணக்கு வேறு. ஒரு துண்டு 6 சதுர அடி. நான்கு கதவுக்கு 24 சதுர அடி. இரண்டு பக்கமும் பூசுவதால் 48 சதுர அடி. துணி முதுகின் இரண்டாம் பூச்சையும் சேர்த்தால் 72 சதுர அடி. டின்னில் ஒரு லிட்டருக்கு இத்தனை சதுர அடி என்று போட்டிருப்பதை இந்த 72-ஆல் பார்க்க வேண்டும், 24-ஆல் அல்ல. பாதி வேலையில் பசை தீர்ந்தால், வேலைக்காரர் மீதிப் பசையில் பெட்ரோல் ஊற்றி நீர்க்கச் செய்வார். அதில் ஒட்டும் கெடும், ஆபத்தும் வரும்.

கடையில் வைக்கும் முறை

பாடத்தின் முக்கியமான பகுதி இதுதான். மேலே சொன்னதில் தவறு நேர்ந்தால் ஒரு பலகை போகும். இதில் தவறு நேர்ந்தால் கடையும் ஆளும் போகலாம்.

இந்தப் பசைகளில் டொலுயீன், ஹெக்ஸேன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. டொலுயீன் 4 டிகிரி குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊரில் 4 டிகிரி ஏது? ஆக, மூடி சரியாக இல்லாத டின் ஆண்டு முழுவதும் தீப்பற்றும் ஆவியை விட்டுக் கொண்டே இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். நம் கடைகளில் மாலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, ஊதுபத்தி வைக்கிறோம். குளிர்பானப் பெட்டியின் மோட்டார் தரையோரம் ஓடுகிறது. பசை டின் இவற்றின் அருகில் இருக்கவே கூடாது.

பெரிய டின்னை உடைத்துச் சிறு பாட்டிலில் ஊற்றிச் சில்லறையாக விற்பதை அறவே நிறுத்த வேண்டும். கம்பெனி அடைத்த சிறிய டின்களை வாங்கி விற்பதே நல்லது. அளவுக்கு மேல் சேர்த்து வைப்பவர்கள் தீயணைப்புத் துறையிடமும் தங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். மளிகைக் கடை என்று மட்டும் எழுதிய பாலிசி, தீ விபத்துக்குப் பின் தகராறாக முடியலாம்.

தேயிலை, அரிசி, மாவு, எண்ணெய்ச் சரக்குகள் மணத்தை எளிதில் பிடித்துக் கொள்ளும். 2011-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளின் 4-வது அட்டவணை, இரசாயனப் பொருள்களை உணவுப் பொருளோடு சேர்த்து வைக்கக் கூடாது என்கிறது. பசைக்குத் தனி அலமாரி, முடிந்தால் தனி அறை வேண்டும். அட்டா மாவுக்குத் தேதி பார்ப்பது போலப் பசைக்கும் தயாரித்த தேதி பாருங்கள். பழைய சரக்கு முன்னே, புதிய சரக்கு பின்னே.

ஆவியை முகர்வதால் வரும் கேட்டையும் வேலைக்காரருக்குச் சொல்ல வேண்டும். 1960-களில் ஜப்பானில் மியே என்ற பகுதியில், வீட்டிலேயே உட்கார்ந்து வினைல் செருப்பு ஒட்டிப் பிழைத்தவர்கள் பலருக்குக் கை கால் மரத்துப் போய், நடை தளர்ந்தது. பசையில் இருந்த ஹெக்ஸேன் நரம்பைக் கெடுத்தது என்று மருத்துவர்கள் கண்டார்கள். அடைத்த அறையில், காற்றோட்டம் இல்லாமல், நாள்தோறும் செய்ததால் வந்த வினை. கதவு ஜன்னல் திறந்த இடத்தில், மின்விசிறிக் காற்று வெளியே போகும்படி வைத்து ஒட்ட வேண்டும். கெட்டியாக்கி கலந்த பியூ பசை மூச்சுக் குழாயையும் பாதிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது. துணியை முகத்தில் கட்டிக் கொண்டால் ஆவி நிற்காது.

இன்னொன்று. இந்தப் பசையை முகர்ந்து போதை ஏற்றிக் கொள்ளும் கெட்ட பழக்கம் சிறுவர்களிடம் உண்டு. ஒரே பையன் அடிக்கடி வந்து சைக்கிள் சொலூஷன் டியூபோ, பசையோ, தின்னரோ கேட்டால் கொடுக்காதீர்கள். "அப்பாவை வரச் சொல் தம்பி" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த வியாபாரத்தில் வரும் பத்து இருபது ரூபாய் லாபம் நமக்கு வேண்டாம்.

சில சந்தேகங்கள்

கேள்வி: பலகை எந்த ரகம் என்றே வாடிக்கையாளருக்குத் தெரியவில்லை. என்ன செய்வது?
பதில்: தண்ணீர்ச் சோதனையைச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். ஒரு நாள் கழித்து வந்து வாங்கிக் கொள்ளட்டும். வியாபாரம் ஒரு நாள் தள்ளிப் போகும், கைவிட்டுப் போகாது.

கேள்வி: பியூ பசை விலை அதிகம். வாடிக்கையாளர் மலிவானது போதும் என்கிறார்.
பதில்: இரண்டின் குணத்தையும் சொல்லுங்கள். ஹார்டுபோர்டு என்றால் மலிவானதே போதும் என்று நாமே சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் என்றால், மறுபடி ரெக்சின், மறுபடி கூலி என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பிறகு அவர் விருப்பம்.

கேள்வி: ஒட்டவில்லை என்று டின்னைத் திருப்பிக் கொண்டு வந்தால்?
பதில்: டின்னுக்கு நாம் பொறுப்பு, வேலைக்கு அல்ல. ஆனால் பில்லின் ஓரத்தில் "ஏபிஎஸ், டோர் பேட், பியூ பசை" என்று விற்கும்போதே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால், என்ன கேட்டார், என்ன கொடுத்தோம் என்பதில் தகராறு வராது.

நினைவில் கொள்ள

எதன் மேல்? போர்டா, ஏபிஎஸ்-ஆ, பிபி-யா?
எதை? துணி நெய்ததா, பின்னலா? பிவிசி என்றால் எண்ணெய் கக்கும்.
எந்த இடத்தில்? வெயில் படும் டேஷ்போர்டா, கதவா?

இந்த மூன்றையும் கேட்க ஒரு நிமிடம் கூட ஆகாது. இதைக் கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுத்து, பசை அலமாரியின் கதவில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டி வையுங்கள். பெரிய கடைகளில் எந்தப் பசையும் வாங்கலாம், ஆனால் எந்த வேலைக்கு என்று கேட்டுக் கொடுக்க அங்கே ஆள் இருப்பதில்லை. நம் சிறிய கடைகளுக்கு இருக்கும் முதல் அதுதான். அதை விடாமல் காப்போம்.